எவ்வளவு எடுக்கணும், எவ்வளவு விட்டு வைக்கணும்? மார்பகக் குறைப்பு ஆபரேஷன் பத்தி ஒரு டீச்சர் கேட்ட கேள்வி

இந்த வாரம் எடுத்துக்கிட்டது ஒரு ஸ்கூல் டீச்சரோட கடிதம். பேரும் ஊரும் வேணாம்னு கேட்டிருக்காங்க, கொங்கு பக்கம்னு மட்டும் சொல்லிக்கறேன், ஆளு யாருன்னு காட்டிக்குடுக்கற விஷயங்களையும் மாத்திட்டேன். வயசு 36, ரெண்டு பொண்ணுங்க, உயரம் 156 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. உள்ளாடை சைஸ் 38ஜி, எந்தக் கடையிலயும் கிடைக்கறதில்ல, ஆன்லைன்ல தான் வாங்கறாங்க. ரெண்டு தோள்லயும் ஸ்ட்ராப் பதிஞ்சு விரல் வைக்கற அளவுக்கு பள்ளம். வெயில் காலம் வந்தா மார்புக்கு அடியில தோல் உரிஞ்சு எரியுது, பழைய காட்டன் வேட்டியை கிழிச்சு மடிச்சு உள்ள வெச்சுக்கிட்டு தான் க்ளாஸுக்கு போறாங்க. கழுத்து வலி, ராத்திரில சுண்டுவிரல் மரத்துப்போறது, எம்ஆர்ஐ எடுத்ததுல கழுத்து எலும்புக்கு நடுவுல இருக்கற டிஸ்க் லேசா பிதுங்கிருக்கு. பசங்க பக்கம் திரும்பி பாடம் நடத்தறத விட போர்டு பக்கம் திரும்பி எழுதிக்கிட்டு இருக்கறதே நிம்மதியா இருக்குன்னு ஒரு வரி எழுதிருக்காங்க. அந்த வரிய நான் ரெண்டு தடவ படிச்சேன்.

ஆபரேஷன் பண்ணிக்கறதுன்னு முடிவே பண்ணிட்டாங்க, அதுல குழப்பம் இல்ல. குழப்பமெல்லாம் அளவுல தான். முதல்ல பார்த்த சர்ஜன் "பக்கத்துக்கு 350 கிராம் எடுத்தா போதும்மா"ன்னாரு. ரெண்டாவது சர்ஜன் "எடுக்கறதே எடுக்கறோம், 800 எடுத்துடலாம், இன்னொரு தடவ காசு செலவு பண்ண வேணாம்ல"ன்னு சொல்லிருக்காரு. டல்லாஸ்ல இருக்கற பெரியம்மா பொண்ணு இதே ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க, அவங்க போன்ல "500க்கு கம்மியா எடுத்தா இன்ஷூரன்ஸ் தர மாட்டான், 500னு கறாரா சொல்லிடு"ன்னுட்டாங்க. வீட்டுக்காரர் "ரொம்ப சின்னதாக்கிடாத"ங்கறாரு. மாமியாருக்கு ஒரு பேரன் வேணும்னு இன்னும் ஆசை இருக்கு. நம்ம டீச்சர் சும்மா இருப்பாங்களா, நெட்ல பார்த்து அண்டா நிறைய தண்ணி வெச்சு குனிஞ்சு, வழிஞ்ச தண்ணிய அளந்து, வலது 1250 மில்லி இடது 1400 மில்லின்னு கணக்கு வேற அனுப்பிருக்காங்க. "இதுல எத்தன கிராம் எடுக்க சொல்லட்டும் டாக்டர், ஒரு நம்பர் சொல்லுங்க"ங்கறது தான் கேள்வி.

டீச்சர், நம்பருக்கு வர்றேன். ஆனா முதல்ல ஒண்ணு. எத்தன கிராம் எடுக்கறதுங்கறது நாங்க ஆரம்பிக்கற கேள்வியே இல்ல. எவ்வளவு விட்டு வைக்கணும்ங்கறது தான் ஆபரேஷன் தியேட்டர்ல எங்க கை தேடற விஷயம். உங்க நெஞ்சுக்கூட்டோட அகலம், தோள் அகலம், உயரம், தோலோட தரம், காம்புக்கு ரத்தம் கொண்டு வர்ற பாதை, இது எல்லாத்துக்கும் பொருந்தற ஒரு மார்பகத்த உள்ள உருவாக்கி வெச்சிட்டு மிச்சத்த வெளிய எடுக்கறோம். வெளிய வந்தது 480ஆ 620ஆங்கறது தராசுல போட்டதுக்கு அப்புறம் தெரியற விடை. ரெண்டு டாக்டரும் உங்ககிட்ட விடைய மட்டும் சொல்லிருக்காங்க, என்ன மிஞ்சும்னு ரெண்டு பேருமே சொல்லல, அதான் இவ்வளவு குழப்பம்.

உங்க அண்டா கணக்க நான் கிண்டல் பண்ண மாட்டேன். தண்ணில முக்கி அளக்கற முறைய மார்பகத்துக்கு சர்ஜன்களே பயன்படுத்தினது உண்டு. பிரச்சினை என்னன்னா மார்பகம் எங்க முடிஞ்சு நெஞ்சும் அக்குளும் எங்க ஆரம்பிக்குதுன்னு கோடு போட்டு இருக்காது, கொஞ்சம் அதிகமா குனிஞ்சா 100 மில்லி கூடும். அதனால அந்த ரெண்டு நம்பர தோராயமா எடுத்துப்போம். ஒரு மில்லி கிட்டத்தட்ட ஒரு கிராம்னு வெச்சுக்கோங்க, கொழுப்பு அதிகமா இருந்தா அதவிட கொஞ்சம் லேசு.

முதல் டாக்டர் சொன்ன 350 எடுத்தா வலது பக்கம் 900 மிஞ்சும், அதாவது இப்போ இருக்கறதுல முக்கால்வாசி அப்படியே இருக்கும். தூக்கி நிறுத்தி ஷேப் பண்ணிருப்பாங்க, பார்க்க நல்லா இருக்கும், அடியில தோலோட தோல் உரசறதும் குறையலாம், ஆனா தோள்ல தொங்கற பாரம் பெருசா மாறிச்சுன்னு உங்களுக்கு தோணாது. வருஷம் போகப் போக அந்த எடையே கீழ்பக்கத்த இழுத்து மறுபடி தொங்க வைக்கும். ரெண்டாவது டாக்டரோட 800 எடுத்தா மிஞ்சறது 450, மூணுல ரெண்டு பங்கு போயிடும். 74 கிலோ உடம்புக்கு, உங்க நெஞ்சு அகலத்துக்கு, அது தட்டையா பெட்டி மாதிரி உட்கார வாய்ப்பு இருக்கு, வயிறு முன்ன விட எடுப்பா தெரியும், அத விட முக்கியம் காம்புக்கு போற ரத்த ஓட்டத்துக்கு விட்டு வைக்க வேண்டிய சதை மெலிஞ்சு போகும்.

என்னோட யோசனைய கேட்டீங்கன்னா, நேர்ல பார்க்காம சொல்றதுங்கறத மறக்காதீங்க, வலது பக்கம் 550லருந்து 650 வரைக்கும் ஒரு ரேஞ்சு, இடது பக்கம் அதுக்கு மேல ஒரு 150. மிஞ்சறது ரெண்டு பக்கமும் 600லருந்து 700. இத எடுத்துக்கிட்டு போய் "இந்த டாக்டர் சொன்னாரு, 600 எடுங்க"ன்னு உங்க சர்ஜன்கிட்ட நீட்டாதீங்க. "எனக்கு என்ன மிஞ்சும், அது என் நெஞ்சுல எப்படி உட்காரும்"னு கேளுங்க. பதில் சொல்ல முடியாம "அத நாங்க பாத்துக்கறோம்"னாருன்னா வேற சர்ஜன பாருங்க.

வீட்ல ஒரு சின்ன வேலை பண்ணிப் பாருங்க. கிச்சன் தராசுல நிறுத்து ரெண்டு கவர்ல தலா 600 கிராம் அரிசி போட்டு கட்டி, பழைய உள்ளாடையோட ரெண்டு கப்லயும் வெச்சு அந்த ஸ்ட்ராப்ப தோள்ல மாட்டி ஒரு பத்து நிமிஷம் நடங்க. இறங்கப்போற பாரம் எவ்வளவுன்னு உங்க தோளுக்கே தெரியும். அப்புறம் 350 போட்டு பாருங்க. சைஸ் எப்படி இருக்கும்னு இது காட்டாது, பாரத்த மட்டும் தான் காட்டும், ஆனா நம்பர வெச்சுக்கிட்டு ராத்திரி பூரா முழிச்சிருக்கறதுக்கு இது மேல்.

500 கிராம் எங்கருந்து வந்துச்சு

டல்லாஸ் அக்கா சொன்னது அவங்க ஊர் கதை, பொய் இல்ல. அமெரிக்காவுல பல இன்ஷூரன்ஸ் கம்பெனிங்க பக்கத்துக்கு 500 கிராம்னு ஒரே கோடு போட்டு வெச்சிருந்தாங்க. வேற சிலது ஷ்னர் ஸ்கேல்னு ஒரு அட்டவணைய பயன்படுத்துது, 1991ல வந்தது, உடம்போட மொத்த பரப்பளவ கணக்கு போட்டு அதுக்கு இத்தன கிராம் எடுத்தா தான் மருத்துவ காரணம்னு ஒத்துப்போம்ங்கற மாதிரி. உங்க உயரம் எடைக்கு பரப்பளவு சுமாரா 1.79 சதுர மீட்டர் வருது, அட்டவணைல 1.80க்கு எதிர்ல இருக்கறது 441 கிராம். ஒல்லியா குள்ளமா இருக்கற ஒருத்தருக்கு 1.50னா வெறும் 260 கிராம் போதும். ஒரே நாட்டுல ஒரே ஆபரேஷனுக்கு 500ம் உண்டு 260ம் உண்டுன்னா, அது உடம்புக்காக போட்ட கணக்கா பில்லுக்காக போட்ட கணக்கான்னு நீங்களே பாத்துக்கோங்க. அங்க இருக்கற பிளாஸ்டிக் சர்ஜன் சங்கமே தன்னோட கைட்லைன்ல எடுத்த எடைய வெச்சு முடிவு பண்ணாதீங்க, நோயாளியோட கஷ்டத்த பாருங்கன்னு தான் சொல்லுது. ஏன்னா எத்தன கிராம் எடுத்தாங்கங்கறதுக்கும் எவ்வளவு நிவாரணம் கிடைச்சதுங்கறதுக்கும் நேர் சம்பந்தம் இல்லன்னு ஆய்வுகள்ல தெரிஞ்சிருக்கு. 400 எடுத்தவங்களும் 900 எடுத்தவங்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தான் நிம்மதி அடைஞ்சிருக்காங்க. அவங்கவங்க உடம்புக்கு தேவையானத எடுத்தா போதும்ங்கறது தான் இதுக்கு அர்த்தம். எல்லாருக்கும் குறைச்சு எடுத்தா போதும்னு எடுத்துக்காதீங்க.

"ஜாஸ்தி எடுத்துட்டா திரும்ப வளராதுல்ல"ன்னும் கேட்டிருக்கீங்க. எடுத்த டிஷ்யூ திரும்ப முளைக்காது, ஆனா விட்டு வெச்சது பெருசாகலாம், எடை கூடினா, கர்ப்பம் ஆனா, ஹார்மோன் மாறினா. அத தடுக்கறதுக்காக கூடுதலா வெட்டறதுல அர்த்தம் இல்ல. இன்னொன்னு, குறைவா எடுத்து பத்தலன்னா பின்னாடி இன்னும் கொஞ்சம் எடுக்க வழி இருக்கு, சுலபம் இல்ல, முதல் ஆபரேஷன்ல ரத்த ஓட்டத்த எந்தப் பக்கமா விட்டாங்கன்னு ரெக்கார்ட் இருக்கணும், ஆனா வழி இருக்கு. அதிகமா எடுத்துட்டா திருப்பி வைக்க முடியாது, இம்ப்ளான்ட், கொழுப்பு ஊசின்னு வேற ரூட்டுல தான் போகணும். அதனால சந்தேகம்னு வந்தா ஒரு கைப்பிடி விட்டு வைக்கறவங்க பக்கம் தான் நான். இன்னும் சின்னதா பண்ணிருக்கலாமேன்னு பின்னாடி சொல்றவங்களும் இருக்காங்க, மறைக்கல.

"பி கப் வேணும்"னு உள்ளாடை சைஸ பிடிச்சுக்காதீங்க. ஒரு கம்பெனி பி இன்னொரு கம்பெனி சி. 34ல இருக்கற பி வேற, 38ல இருக்கற பி வேற. கப் சைஸ் இதுதான்னு கேரண்டி குடுக்கற சர்ஜன நான் நம்ப மாட்டேன். அதுக்கு பதிலா போட்டோ கேளுங்க. உங்க உயரம், உங்க எடை, உங்க அளவுக்கு கிட்ட இருக்கற நோயாளிங்களோட முன்ன பின்ன போட்டோ, முகம் இல்லாம, அவங்க அனுமதியோட வெச்சிருப்பாங்க. "இது எனக்கு ஓகே, இது ரொம்ப சின்னது"ன்னு ரெண்டு மூணு போட்டோல விரல் வெச்சு காட்டுங்க, பத்து நிமிஷ பேச்ச விட அது எங்களுக்கு தெளிவா புரியும்.

காம்பு, உணர்ச்சி, இன்னொரு குழந்தை

கழுத்துக்குழிலருந்து காம்பு வரைக்கும் வலது 31, இடது 33 சென்டிமீட்டர்னு முதல் டாக்டர் அளந்து எழுதிக் குடுத்திருக்காரு, நல்ல வேலை பண்ணிருக்காரு. தொங்காத மார்புல இது பொதுவா 20க்கு அக்கம்பக்கம் இருக்கும். அப்போ காம்பு பத்து சென்டிமீட்டருக்கு மேல பயணம் பண்ணி மேல வரணும். அத அறுத்து ஒட்டறதில்ல, ரத்தக்குழாயும் நரம்பும் ஓடற ஒரு சதைப்பாலத்தோட சேர்த்தே நகர்த்தறோம். அந்தப் பாலத்த கீழ்ப்பக்கமா விடலாம், மேல்-உள்பக்கமாவும் விடலாம், சர்ஜனோட பழக்கத்த பொறுத்தது. எவ்வளவு அதிகமா டிஷ்யூ எடுக்கறோமோ அவ்வளவுக்கு இந்தப் பாலத்து மேல நெருக்கடி. 31, 33க்கு பெரும்பாலும் பாலத்தோடயே சமாளிச்சிடலாம். ரொம்ப பெரிய மார்புல, பக்கத்துக்கு ஒரு கிலோ ஒன்றரை கிலோன்னு எடுக்கறப்போ, சில சமயம் காம்ப தனியா எடுத்து தோல் ஒட்டு மாதிரி தைக்க வேண்டி வரும். அப்படி பண்ணா உணர்ச்சி பழையபடி இருக்காது, பால் குடுக்க முடியாது.

பாலத்தோட நகர்த்தினாலும் உணர்ச்சி குறையலாம், பல பேருக்கு சில மாசத்துல திரும்புது, சிலருக்கு முழுசா திரும்பறதில்ல. பால் குடுக்க முடியற வாய்ப்பு இருக்கு, காம்புக்கு நேர் பின்னாடி இருக்கற சுரப்பிய எவ்வளவு விட்டு வைக்கறாங்களோ அவ்வளவு வாய்ப்பு, ஆனா உத்தரவாதம் கிடையாது. இன்னொரு குழந்தை நிஜமாவே உங்க மனசுல இருந்தா, பெத்து பால் குடி மறந்து ஒரு ஆறு மாசம் கழிச்சு ஆபரேஷன் வெச்சுக்கறது தான் புத்திசாலித்தனம். அந்த ஆசை மாமியாரோடது மட்டும்னா அதுக்காக உங்க கழுத்து இன்னும் மூணு வருஷம் காத்திருக்கணும்னு நான் சொல்ல மாட்டேன்.

ரெண்டு பக்கமும் ஒரே அளவா எடுத்தா

"நியாயமா ரெண்டு பக்கமும் சரிசமமா எடுக்கணும்ல"ன்னு எழுதிருக்கீங்க. கணக்கு டீச்சர் தான நீங்க, நீங்களே போட்டுப் பாருங்க. 1250லயும் 1400லயும் சமமா கழிச்சா வித்தியாசம் அதே 150 தான். பெரிய மார்புல அந்த 150 கண்ணுக்கு தெரியாம இருந்துச்சு, சின்னதானதுக்கு அப்புறம் பளிச்சுன்னு தெரியும். அதனால சமமா மிஞ்சற மாதிரி எடுக்கணும்.

தியேட்டர்ல என்ன நடக்கும்னு சொல்றேன். மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி உங்கள நிக்க வெச்சு தோல்ல பேனாவால கோடு போடுவாங்க. படுத்துட்டா மார்பு ரெண்டு பக்கமும் வழிஞ்சு அளவு எல்லாம் மாறிடும், அதனால இந்தக் கோடு தான் முழு ஆபரேஷனுக்கும் மேப். காம்பு எங்க வரணும்ங்கற புள்ளிய அப்போ தான் வைப்பாங்க, பொதுவா மார்புக்கு அடியில இருக்கற மடிப்புக்கு நேர் உயரத்துல. ரொம்ப மேல வெச்சுட்டா பின்னாடி இறக்கறது மகா கஷ்டம், உள்ளாடைக்கு மேல எட்டிப் பார்க்கும், அதனால கண்ணாடி முன்னாடி நின்னு அந்தப் புள்ளிய நீங்களும் பாருங்க. அப்புறம் எடுத்த டிஷ்யூவ நர்ஸ் தராசுல வெச்சு "ரைட் 580, லெஃப்ட் 735"ன்னு சத்தமா சொல்வாங்க, ஒருத்தர் சுவர்ல இருக்கற போர்டுல எழுதுவார். தற்காலிகமா ஸ்டேப்ளர் போட்டு மூடி, டேபிள நிமித்தி உங்கள மயக்கத்துலயே உட்கார்ந்த மாதிரி வெச்சு, நாங்க கால் பக்கம் போய் நின்னு பார்ப்போம். ஒரு பக்கம் தூக்கலா இருந்தா திரும்ப திறந்து இன்னும் 30, 40 கிராம். கடைசி முடிவு கண்ணோடது. இதனால தான் முன்கூட்டியே ஒரே நம்பர எழுதி வாங்கி கைய கட்டிப் போடக் கூடாதுங்கறேன். ரேஞ்சா பேசிக்கோங்க.

எடுத்தது ரெண்டு பக்கமும் தனித்தனி டப்பால லேபிள் ஒட்டி பயாப்ஸிக்கு போகணும். "நல்ல சதை தான, எதுக்கு செலவு"ன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. ரொம்ப அபூர்வமா தான், ஆனா மேமோகிராம்ல (மார்பக எக்ஸ்ரே) மாட்டாத கேன்சர் இதுல மாட்டினது உண்டு. எடை, பயாப்ஸி ரிசல்ட், காம்புக்கு ரத்த ஓட்டத்த எந்தப் பக்கமா விட்டாங்கங்கறது, மூணும் டிஸ்சார்ஜ் சம்மரில இருக்கணும்னு கேட்டு வாங்குங்க.

உங்க சித்திக்கு 52 வயசுல மார்பகப் புற்றுநோய்னு எழுதிருக்கீங்க. அத ரெண்டு டாக்டர்ல யார்கிட்டயும் சொல்லலையாம், இது தப்பு, சொல்லியே ஆகணும். ஆபரேஷனுக்கு முன்னாடி மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் எடுத்து வெச்சுக்கோங்க. "குறைச்சுட்டா கேன்சர் வராது"ங்கறது பாதி தான் நிஜம், டிஷ்யூ குறைஞ்சா ரிஸ்க் கொஞ்சம் குறையலாம், மிஞ்சறதுல வர வாய்ப்பு இருந்துக்கிட்டு தான் இருக்கும், பிற்காலத்துல செய்ய வேண்டிய செக்கப் எதுவும் நிக்காது. ஆபரேஷன் தழும்பு ஸ்கேன்ல கட்டி மாதிரி தெரியலாம், எப்போ எடுத்தாலும் முதல்ல இந்த ஆபரேஷன் பத்தி சொல்லிடுங்க.

கழுத்து வலி பத்தி ஒரு எச்சரிக்கை. தோள் பள்ளம், அடியில புண்ணு, மேல் முதுகு இழுக்கறது, இதெல்லாம் நல்லா குறையும், ஸ்ட்ராப் அழுத்தறதால வர்ற சுண்டுவிரல் மரப்பும் பல பேருக்கு போயிடும். ஆனா எம்ஆர்ஐல தெரியற டிஸ்க் அங்கயே தான் இருக்கும். அதனால வர்ற வலி ஒரு பங்கு மிஞ்சினா ஆபரேஷன் ஃபெயில்னு நினைக்காதீங்க.

எடைய பத்தியும் சொல்லணும். முதல்ல 10 கிலோ குறைச்சுட்டு வரவான்னு கேட்டிருக்கீங்க. உங்க பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுங்கற கணக்கு, 30க்கு கிட்ட, அதுக்காக ஆபரேஷன் கூடாதுன்னு ஒண்ணும் இல்ல. ஓடவும் குதிக்கவும் முடியாம இருக்கறதே இந்த பாரத்தால தான், எடை குறைச்சா தான் தொடுவேன்னு சொல்றது உங்களுக்கு நியாயம் இல்ல. ஆனா நடுவுல குறைஞ்சுக்கிட்டே இருக்கறப்போ பண்ணக் கூடாது. இப்போ 74க்கு பொருந்தற மாதிரி அளவு பார்த்து விட்டு வெச்சோம்னா, 64க்கு வந்ததும் அதுல இருந்த கொழுப்பும் கரைஞ்சு தொங்கிடும். மூணு நாலு மாசமா தராசு முள்ளு ஒரே இடத்துல நிக்கறப்போ பண்ணுங்க. ரெண்டாவது பிரசவத்துல சுகர் இருந்துச்சுன்னு எழுதிருக்கீங்களே, மூணு மாச சராசரி சுகர காட்டற ஹெச்பிஏ1சி டெஸ்ட் பார்த்துடுங்க. காம்ப சுத்தி, அங்கருந்து நேரா கீழ, அப்புறம் அடி மடிப்பு நெடுகன்னு நங்கூரம் மாதிரி வர்ற தையல்ல கோடு சேர்ற இடத்துல புண்ணு லேட்டா ஆறறது தான் இந்த ஆபரேஷன்ல அதிகமா வர்ற தொல்லை, சுகர் இருந்தா அது இன்னும் கூடும். தழும்பு இருக்கும், நம்ம தோலுக்கு சிலருக்கு தடிச்சு கூட வரும், காது குத்தின இடத்துல உங்களுக்கு தடிச்சிருந்தா முன்னாடியே காட்டுங்க.

கையெழுத்து யாரோடது

"வீட்டுக்காரர் சைன் பண்ணா தான் ஆபரேஷன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க, அவர் சைஸ் பத்தி கண்டிஷன் போடறாரு." இது தப்பான புரிதல். சுயநினைவோட இருக்கற வயசு வந்த பெண்ணுக்கு அவங்க சம்மதம் தான் சம்மதம். சுப்ரீம் கோர்ட் 2008ல சமீரா கோலி வழக்குல இத தெளிவா சொல்லிருக்கு. வயித்துக்குள்ள கேமரா விட்டு பார்க்கற லேப்ராஸ்கோப்பி டெஸ்டுக்குன்னு மயக்கம் குடுத்த 44 வயசு பெண்ணுக்கு, வெளிய இருந்த அம்மாகிட்ட கேட்டுட்டு கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துட்டாங்க, அம்மாவோட சம்மதம் செல்லாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. கூட வர்றவங்க சாட்சியாவும் அட்டெண்டராவும் சைன் போடறது ஆஸ்பத்திரி வழக்கம், அது வேற. கணவர்கிட்ட பேச வேணாம்னு நான் சொல்லல, அடுத்த கன்சல்டேஷனுக்கு கூட்டிட்டே போங்க, தோள் பள்ளத்தையும் அடியில இருக்கற புண்ணையும் டாக்டர் வாயால கேட்டா பல பேர் மாறிடறாங்க. அவருக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கலாம். அளவு சொல்ற உரிமை உங்களுக்கு தான்.

அதே தீர்ப்புல உங்களுக்கு உதவற இன்னொரு விஷயமும் இருக்கு. ஒண்ணுக்கு குடுத்த சம்மதம் வேற ஒண்ணுக்கு செல்லாது, உயிருக்கு ஆபத்துன்னா தான் விதிவிலக்கு. அதனால ஃபார்ம்ல சைன் போடறதுக்கு முன்னாடி கேளுங்க: நடுவுல காம்பு கறுத்துப் போனா என்ன பண்ணுவீங்க, தனியா எடுத்து ஒட்டறதுக்கு நான் இப்போவே ஒத்துக்கணுமா, உத்தேசமா எவ்வளவு எடுக்கறீங்க, குறைஞ்சபட்சம் எவ்வளவு விடுவீங்க. பதில அந்த ஃபார்ம்லயே கையால எழுத சொல்லுங்க. மயக்கத்துல இருக்கறப்போ உங்கள எழுப்பி கேக்க முடியாது.

சர்ஜன் எம்பிபிஎஸ், எம்எஸ்க்கு மேல பிளாஸ்டிக் சர்ஜரில எம்சிஹெச் இல்லன்னா டிஎன்பி (இப்போ அதுக்கு டிஆர்என்பின்னு பேரு) படிச்சவரான்னு பாருங்க, "காஸ்மெடிக் எக்ஸ்பர்ட்"னு போர்டு மட்டும் போதாது. பக்கத்துல அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருந்து அங்க பிளாஸ்டிக் சர்ஜரி டிபார்ட்மென்ட் இருந்தா அங்கயும் காட்டலாம், வெயிட்டிங் இருக்கும்.

இன்ஷூரன்ஸ்

நம்ம நாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிங்கள கட்டுப்படுத்தற ஐஆர்டிஏஐ விதில கிராம் கணக்கு எதுவும் இல்ல, அதனால அக்காவோட 500 இங்க செல்லாது. நம்ம பாலிசிகள்ல எக்ஸ்க்ளூஷன் 08னு ஒரு பொது ஷரத்து இருக்கும். அழகுக்காகவோ தோற்றத்த மாத்தறதுக்காகவோ பண்ற பிளாஸ்டிக் சர்ஜரிக்கு காசு இல்ல, விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்கு அப்புறம் பண்ற சீரமைப்புன்னா உண்டு, இல்லன்னா உடம்புக்கு நேரடியா உடனடியா இருக்கற ஆபத்த நீக்க மருத்துவ ரீதியா அவசியம்னு சிகிச்சை குடுக்கற டாக்டர் சான்று தந்தா உண்டு. "உடனடி ஆபத்து"ங்கற அந்த வார்த்தைய கம்பெனிங்க இறுக்கமா தான் படிப்பாங்க, அதனால கிடைச்சுடும்னு நம்பி கடன் வாங்காதீங்க. ஆனா முயற்சி பண்ணாம விடவும் வேணாம். தோல் டாக்டர் புண்ணுக்கு மருந்து எழுதின சீட்டு எல்லாம், புண்ணோட போட்டோ தேதியோட, ஆர்த்தோ பார்த்தது, பிசியோதெரபி போன ரசீது, எல்லாத்தையும் சேர்த்து ஆபரேஷனுக்கு முன்னாடியே ப்ரீ-ஆத், அதாவது கம்பெனிகிட்ட முன் அனுமதி, கேட்டு போடுங்க. இல்லாத வியாதிய எழுத சொல்லி சர்ஜன கேக்காதீங்க, மாட்டினா பாலிசியே போயிடும். மறுத்தா காரணத்த எழுத்துல வாங்குங்க, முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்பு பிரிவு, அங்கயும் மறுத்தாலோ ஒரு மாசத்துக்கு பதிலே இல்லன்னாலோ இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (புகார் விசாரிக்கற குறைதீர்ப்பாளர்), சென்னைல ஆபீஸ் இருக்கு, ஃபீஸ் கிடையாது, வக்கீல் வேணாம், ஒரு வருஷத்துக்குள்ள போடணும். கையில இருந்து கட்டறதா இருந்தா, குடுக்கற பேக்கேஜ்ல மயக்க டாக்டர், பயாப்ஸி, ஆபரேஷனுக்கு அப்புறம் போடற சப்போர்ட் உள்ளாடை, ஜிஎஸ்டி எல்லாம் அடக்கமா, புண்ணு ஆறாம திரும்ப தியேட்டர் போனா யார் செலவுன்னு எழுதி வாங்குங்க. "இன்னொரு தடவ காசு செலவு பண்ண வேணாம்ல"ன்னு சொல்லி அளவ கூட்டறது மருத்துவம் இல்ல, அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் ரெண்டாவது டாக்டர்கிட்ட யோசிப்பேன்.

கடைசியா கேட்டிருந்தீங்க, மே லீவுல வெச்சுக்கலாமான்னு. வேலைக்கு வசதி தான், ரெண்டு வாரத்துல உட்கார்ந்து பேப்பர் திருத்தலாம், ஸ்கூட்டி ஒரு மாசம் வேணாம், போர்டுல கை தூக்கி எழுதறதும் கனம் தூக்கறதும் ஆறு வாரம் வேணாம். ஆனா ராத்திரி பகலா இறுக்கமான சப்போர்ட் உள்ளாடைய கத்திரி வெயில்ல போட்டுக்கிட்டு, உங்க தோலுக்கு, அடியில வேர்வை தேங்கி தையல் நனைஞ்சா சரிப்படாது. ஸ்கூல்ல மெடிக்கல் லீவு குடுப்பாங்கன்னா டிசம்பர்ல அரையாண்டு பரீட்சை முடிஞ்சதும் வெச்சுக்கோங்க. இப்போதைக்கு மேமோகிராமுக்கும் ஹெச்பிஏ1சிக்கும் எழுதி வாங்கிட்டு, ரிப்போர்ட் கையில வந்ததும் முதல் டாக்டர்கிட்டயே திரும்ப போங்க. ஒழுங்கா அளந்தவர் அவர் தான், 350 ஏன்னு கேளுங்க, காரணம் சொல்வார்னு நினைக்கறேன்.